ரத்தக்கட்டு

மாம்பழம் சந்திக்கு இப்பால்
டிப்பர் சிந்திப் போன மணலில்
ஸ்கூட்டி சறுக்கியபோது
எனக்கு மாதவிலக்கின் இரண்டாம் நாள்.
கைப்பையில் மத்தியானத்துக்கான குளிசை இரண்டு,
சங்கக் கடைப் பற்றுச்சீட்டில் சுற்றியபடி.

முழங்காலுக்குக் கீழே என் கால்
வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கிடந்தது.
நான் முதலில் இழுத்துச் சரிசெய்தது
சட்டையின் பின்பக்கத்தை.

"பிரஷர் குளிசை தவிர வேறை ஏதும் பாவிக்கிறனீங்களோ?"
கேட்ட பெடியனுக்கு
என் மூத்தவனை விட நாலு வயது கூட இருக்கும்.
கட்டிலின் கால்மாட்டில் இவருடைய தமையன்
காப்புறுதிப் பத்திரத்தோடு நின்றார்.
"இல்லை" என்றேன்.

பதினொரு வருடமாக
மாதத்தில் நாலு நாள்
உதிரத்தைப் பிடித்து நிறுத்துகிற அந்தக் குளிசைக்கு
எங்கள் வீட்டில் பெயரில்லை.
அரிசிமாப் பேணிக்குப் பின்னால் இருக்கும், அவ்வளவுதான்.

எலும்புக்குள் கம்பி விட்டார்கள்.
ஆறாம் கிழமைப் படத்தில்
முறிவு நேற்று நடந்தது போலத் தெளிவாக இருந்தது,
கூர்ப் பென்சிலால் இழுத்த கோடு.
மச்சாள் ஆட்டுக்கால் ரசம் கொண்டுவந்தாள்.
உதுகளை நம்பாமல் புக்கை கட்டியிருந்தால்
இப்ப ஓடித் திரிவாய் என்றாள்.

எல்லாமே கட்டுத்தான் எங்களுக்கு.
அடிபட்டு வீங்கினால் ரத்தக்கட்டு,
முறிந்தால் புக்கைக்கட்டு,
வீடும் கட்டுவது, தாலியும் கட்டுவது.
ஒன்றைக் கட்டப் போய்
மற்றது கட்டாமல் போகுமோ என்று
ஒருவரிடமும் கேட்க முடியாமல்
இரவில் காலிடம் கேட்டேன்.
கால் கடுத்தது.

கிளினிக்கில்
தமையனார் மோட்டார்சைக்கிளை நிழலில் விடப் போன இடைவெளியில்
டொக்டர் பிரணவரூபனிடம் சொன்னேன்,
ஒரே மூச்சில், மேசையைப் பார்த்து.

அவர் துண்டின் பின்பக்கத்தில் இரண்டு எலும்பு கீறினார்.
நடுவில் நீல மையால் நிரப்பினார்.
"முறிஞ்ச இடத்திலை முதல் நிரம்புறது ரத்தம்.
அது உறைஞ்சு நிக்க வேணும்,
எலும்பு அதைப் பிடிச்சுத்தான் வரத் தொடங்கும்.
பிறகு உடம்பே அதைக் கரைச்சு
புது நாளங்களுக்கு வழி விடும்.
உங்கட குளிசை கரையிறதைப் பிந்தப் பண்ணும்.
அப்ப எலும்பும் பிந்துமோ எண்டு
எலியளிலை பாத்திருக்கினம்.
பெரிசாப் பிந்தினதாத் தெரியேல்லை.
மனிசரிலை இன்னும் முடிஞ்ச முடிவாச் சொல்லேலாது."

பிறகு கோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
சிரித்தாரோ தெரியாது.
"ஒபரேசன் அண்டு நாங்களே இதைத்தான் ஊசியாலை ஏத்தினது."

நான் மாப்பேணிக்குப் பின்னால் வைத்தது
பெரிய லைற்றுக்குக் கீழே
ஐந்து பேர் பார்த்திருக்க
என் கைநரம்பால் இறங்கியிருக்கிறது.
கட்டிலில் தொங்கிய கோப்பில் நேரத்தோடு எழுதியிருக்கிறது.
தமையனார் அதைத்தான் விசிறியாகப் பாவித்தார்.

"ஆனா சொல்லியிருக்க வேணும்."
இப்போது குரல் வேறு.
"அசையாத காலிலை ரத்தம் உறைஞ்சு
நெஞ்சுக்கு ஏறினா என்ன செய்யிறது?
நான் பயப்பிடுறது எலும்புக்கில்லை.
உங்கட ரத்தமும் எட்டுத்தான் இருக்கு.
பிந்துறது அதாலையும் இருக்கலாம்."
இரும்புக் குளிசையும்
பெண்நோய்ப் பிரிவுக்கு ஒரு கடிதமும் தந்தார்.
தமையனார் வந்து என்னவாம் என்றார்.
மாதவிலக்கு எனக்குக் கூடப் போகிறதாம் என்றேன்.
அவர் ஹெல்மெட்டின் பட்டியை
வெகு நேரம் சரிபார்த்தார்.

பதினோராம் கிழமை தனியே போய்வந்தேன்.
ஊன்றுகோல் ஒன்று, படம் ஒன்று.
நாவற்குழிப் பாலத்தில் பஸ் மெதுவானபோது
உறையிலிருந்து இழுத்து
யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.
பின்னால் கடல்நீரேரி.
கோட்டின் இரு கரையிலும்
பஞ்சு ஒட்டியது போல ஏதோ வெள்ளை,
இன்னும் முழுதாகச் சேரவில்லை.

மீன்பெட்டியோடு வந்த மனிசி
தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.
"உது ஆற்றை கால்?"

"என்ரை" என்றேன்.