கோசோங்

லோரி ஏறும். எண் நடுங்கி நிற்கும். எழுதுவேன்.
குலைகளைக் கொட்டிவிட்டு
அதே லோரி திரும்பி ஏறும். எழுதுவேன்.
முதலதில் இரண்டாவதைக் கழித்தால் செம்பனை.
இருபத்திரண்டு வருஷமாய் இந்தக் கழித்தல்தான்
வீட்டு வாடகை, மகளின் பாலிடெக்னிக்,
குமரேசனின் மோட்டார்சைக்கிள் தவணை.

பீடோர் கிளினிக்கில் மிஸ்ஸி என்னை ஏற்றி நிறுத்தினாள்.
எண்பத்தேழு.
சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்றாள்,
தெலுக் இந்தான் ரோட்டில்
ஜேபிஜே நிற்கிறது என்று டிரைவர்கள் சொல்கிற அதே குரலில்.
"சோத்தை விடுங்கக்கா. முட்டை, மீனு, கீரை. மாவே வேணாம்."

காலைச் சாப்பாட்டுக்கே பசியாறுதல் என்று பேர் வைத்த ஊர் இது.
ரொட்டி சானாய் மாவு. இட்லி மாவு. மீ கோரெங் மாவு.
தொட்டுக்கொள்ளும் சாம்பாரிலும்
உருளைக்கிழங்கு பதுங்கிக் கிடக்கிறது.

முதல் ராத்திரி தட்டில் சோறில்லாமல் உட்கார்ந்தேன்.
"யாரு மேல கோவம்?" என்றான் குமரேசன்.
யார் மேலயும் இல்ல.
நம்பவில்லை.
மூன்று வாரமாய்ச் சொல்லிக்கொண்டிருந்த கேஸ் தோங்கை
மறுநாள் விடிவதற்குள் மாற்றிவைத்திருந்தான்.

பாசார் மாலாமில் காலிஃபிளவர் ஒன்று ஒன்பது வெள்ளி.
துருவி வதக்கினால் சோறு என்று நினைத்துக்கொள்ளலாமாம்.
நினைத்துக்கொண்டேன்.
அது பூவாகவே இருந்தது.

நாற்பத்தொன்பது வயது.
மாதம் வருவது போல் வந்து வராமல் போகிறது.
நடுச்சாமத்தில் வேர்த்து எழுந்து
ஃபிரிட்ஜைத் திறந்து நிற்கிறேன்.
எதையும் எடுக்க இல்லை. குளிருக்கு.

காளியம்மன் கோயில் அன்னதானத்தில்
மங்களேஸ்வரி கரண்டியோடு வந்தாள்.
இலைக்கு மேல் கையை விரித்தேன்.
"கொஞ்சூண்டு, சாமி சோறு."
கையை எடுக்கவில்லை.
விரலிடுக்கில் நாலு பருக்கை விழுந்தது.
நாலையும் தின்றேன்.
இனித்தது, ஒவ்வொன்றும் தனித்தனியாக.

கேண்டீனில் இப்போது தே ஓ கோசோங்.
கோசோங் என்றால் சீனி இல்லை.
கோசோங் என்றால் காலி லோரி.
ஆள் போய்விட்ட லயத்து வீடும் கோசோங்,
மாசக் கடைசியில் கைப்பையும் கோசோங்.
ஒரு நாளைக்கு அறுபது சீட்டில் அந்தச் சொல்லை எழுதுகிறேன்.
என் கோசோங் எடை எவ்வளவு?
கல்யாணத்தன்று ஐம்பத்தொன்று.
அன்றைக்கும் நான் காலியாய் வந்து நின்றதாக ஞாபகம் இல்லை.

எடைமேடைக்குப் பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும்.
ஜனவரியில் ஓர் இரவு, கடைசி லோரி போனபின்,
செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் போய் நின்றேன்.
கண்ணாடிக்குள் சிவப்பாய்த் தொண்ணூறு.
நேற்று போய் நின்றேன். எண்பது.
கிளினிக் கணக்கில் எண்பத்து நாலு.
மூன்று மாசம், மூன்று கிலோ;
மேடை எனக்குப் பத்து தந்தது.
எந்தத் தவுக்கேவுக்கும் ஒரு கிலோ கூட்டிப் போடாதவள்
அதை மட்டும் திருத்தாமல் நின்றேன்.

டார்ச்சோடு ஷொஹாக் வந்தான், இரவுக் காவல்.
லோரி எங்கே என்று கேட்டான்.
விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டுத் தானும் ஏறினான்.
ஐம்பது.
சிரிப்பு நின்றது.
ஊரில் மனைவி போனில் முகத்தைப் பார்த்து
தினமும் கேட்கிறாளாம், அங்கே சோறு போடுவதில்லையா என்று.

பழக்கத்தில் கேண்டீன்காரர்
இன்னும் எனக்கொரு பொட்டலம் கட்டுகிறார்.
நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.
மேசையில் அது சூடாறிக் கிடந்தது.
எடுத்துக் கொடுத்தேன்.
நாளைக்கும் கட்டச் சொல்லவா என்றேன்.

முடிச்சை அவிழ்த்துக்கொண்டே யோசித்தான்.
குழம்பு மட்டும் தனியாக, என்றான்.