வடிகட்டியில் இருந்தவை

புதாஸ்யார்வி தாண்டிப் பனிச்சாலையில் நாற்பது கிலோமீட்டர்.
பைன் மரங்களுக்குள் ஒரு மஞ்சள் வீடு.
வாசலில் ஒன்பது ஜோடி பனிக்காலணிகள்.
எண்ணிவிட்டுத்தான் மணியை அழுத்தினேன். தொழில் பழக்கம்:
காலைக் கணக்கிட்டால்
இயந்திரத்தின் ஆயுள் தெரிந்துவிடும்.

"எட்டுப் பிள்ளைகள். கடைசி இன்னும் நடக்கவில்லை,"
என்றாள் ஸாய்மி, அதை இடுப்பில் மாற்றிக்கொண்டே.
"நாளைக்கு நாலு சுமை.
ஞாயிறு மட்டும் அதற்கும் ஓய்வு."
ஆறு வருடத்தில் இது மூன்றாவது இயந்திரம்.
சுற்றும்போது மரலாரி
வீட்டுக்குள் ஏறிவருவதுபோல் அதிர்கிறதாம்.

கீழ்மூடியைத் திறந்து வடிகட்டியைத் திருகினேன்.
தட்டில் சாம்பல் தண்ணீர்.
பிறகு ஒரு கொண்டை ஊசி, ஐந்து சென்ட்,
பொம்மை ஒன்றின் கை,
நீலமும் சிவப்புமாய்க் குருவிக்கூடு அளவுக்கு
நூல்பிசிறு.
அதற்குள்ளே ஒரு பால்பல்.

"பிடிபட்டது இது. பிடிபடாதது?"

யாரும் என்னிடம் கேட்டதில்லை அதை.
ஸ்க்ரூடிரைவரால் காட்டினேன்:
சுவர், குழாய், முற்றத்தடியில் தொட்டி,
வாய்க்கால், அப்புறம் ஆறு.
அடுப்பில் வெண்ணெயில் மீன் பொரிந்துகொண்டிருந்தது.
காலையில் அதே ஆற்றில் பனியைத் துளைத்து
இல்போ பிடித்து வந்தது.
அவள் வாணலியைப் பார்த்தாள்.
மீனைத் திருப்பிப் போட்டாள்.

கேட்காமலே சொன்னாள்:
"கடையில் டயபர் மூட்டையைத் தூக்கினால்
முதலில் வயிற்றைப் பார்க்கிறார்கள்.
அப்புறம்தான் முகத்தை.
ஓய்வாவுக்குத் தைத்த இருபத்துநாலு துணிகள்
ஆறு பேரைத் தாங்கின.
எல்லாம் அறுபது டிகிரியில், எல்லாம் இந்தக் கையால்.
இரட்டையருக்கு ஒரே குளிர்காலத்தில் வயிற்றுப்போக்கு வந்தது.
அன்றைக்குத் தோற்றேன்.
இன்னும் இரவுக்கு மட்டும் பாக்கெட்."
கருப்புப் பைகள் கொட்டகையில்.
பதினைந்து நாளுக்கு ஒருமுறை
நகரத்துக் கொதிகலனுக்குப் போகும்.

அந்த நகரத்தில்தான் நான் இருக்கிறேன்.
தனியாள், நாலாம் மாடி.
"உங்கள் வீட்டு மூத்திரம்தான்
என் ரேடியேட்டரைச் சூடாக்குகிறது போல," என்றேன்.
சொன்ன பிறகுதான் பயந்தேன்.
அவள் சிரித்த சிரிப்பில் இடுப்புக்குழந்தை விக்கியது.
என் இயந்திரம் பாதி வயிற்றோடு
வாரம் இருமுறை ஓடுவதை
நான் சொல்லவில்லை.

பேரிங்தான் போயிருந்தது. உள்ளங்கை அளவு இரும்பு.
இப்போதெல்லாம் தொட்டியை ஒட்டியே விற்கிறார்கள்;
அந்த இரும்புக்காக
எழுபது கிலோவையும் எறியவேண்டும்.
விதிப்படி "புதிது வாங்குங்கள்" என்று எழுதிக் கையெழுத்திட்டு
நான் கிளம்பியிருக்கலாம்.
இல்போவின் ரம்பத்தை வாங்கினேன்.
மூன்று மணிநேரம்,
பிளாஸ்டிக் தூள் மயிரெல்லாம்,
தையலைச் சுற்றி அறுத்து, புதிய பேரிங் அடித்து,
பசை தடவி, முப்பது போல்ட்டால் வாயை மூடினேன்.
ஒழுகலாம். ஒழுகாமலும் இருக்கலாம்.

இடையில் ஏலிஸ் கொடித்துணிகளை உள்ளே கொண்டுவந்தான்.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
விறைத்துப்போன பைஜாமாக்களை
விறகுபோல் அடுக்கித் தூக்கிவந்து
சுவரோரம் நிறுத்தினான்.
தலையில்லாத ஐந்தாறு பிள்ளைகள்.
சற்றுநேரத்தில் ஒவ்வொன்றாய்
முழங்காலில் மடங்கி உட்கார்ந்தன.

கிளம்பும்போது பல்லைக் கொடுத்தேன்.
எட்டு வாய்களும் திறந்தன. மூன்றில் ஓட்டை.
எவனும் தன்னுடையது என்று சொல்லவில்லை.

பிசிறை நான் எடுத்துக்கொண்டேன்,
அவள் அடுப்பில் போடுமுன்.
மூன்று வாரமாய் வண்டியின் டாஷ்போர்டில் இருக்கிறது,
காய்ந்து, எடையே இல்லாமல்.
ஜன்னலைத் திறக்கப் பயமாக இருக்கிறது.