நாலரை மணி

மார்ச்சில் உறையை விலக்கியபோதே தெரிந்தது:
இடப்பக்கக் குழாயின் அடிவயிற்றில்
கட்டைவிரல் நுழையும் ஓட்டை.
நெமுரோவில் பனி உருகச் சாலையில் உப்புத் தூவுவார்கள்.
சாலை பிழைத்துக்கொள்ளும்.
இரும்பு பிழைக்காது.

பதினாறு வருஷ வண்டி.
ஆயிரத்து முந்நூறு சிசி, இருபக்கமும் பெட்டி,
கண்ணாடித் தடுப்பில் போன கோடையின் பூச்சிகள்.
கேட்பவர்களிடம் டூரிங் வண்டி என்பேன்.
வருஷத்தில் ஒரு வாரம் ஹொக்கைடோவைச் சுற்றுவேன்.
மற்ற நாளெல்லாம் மீன் ஏலக் கூடத்துக்குக்
கணக்கெழுதப் போவேன்,
விடிகாலை நாலரைக்கு.

ஓட்டை வளர்ந்தது.
ஏப்ரலில் செருமியது.
மே மாதம் சண்டைக்கு வந்தது.
ஜூனில், முந்நூறு கிலோவைத்
தெருமுனை வரை தள்ளிப்போய்
அங்கேதான் உயிர் கொடுத்தேன்.
அப்படியும்
இவாபுச்சி அம்மாளின் சமையலறையில்
பொசுக்கென்று விளக்கெரியும்.
ஹெல்மெட்டுக்குள் நாக்கைக் கடித்தபடி கிளம்புவேன்.

குஷிரோவில் குராமோச்சியின் கடை.
அசல் கம்பெனிச் சரக்கா? அதை நிறுத்தி ஆறு வருஷம் என்றார்.
டைட்டானியம்: ஜோடியும் சேர்ந்து
ஒரு சின்னப் பூசணிக்காய் கனம்,
என் இரண்டு மாதச் சம்பளம்.
கார்பன்: அழகுதான்,
ஆனால் மேல்நோக்கி நிமிர்ந்து பெட்டியின் அடியைச் சுடும்.
"மாற்றுத் துணியெல்லாம் வறுவலாகிவிடும் ஷியோமி."
மூலையில் எஃகு ஜோடி ஒன்று,
சோதனையில் தேறிய முத்திரையோடு.
வாயில் ஒரு அடைப்பு;
ஆறாம் நம்பர் சாவியால் கழற்றினால் கர்ஜிக்குமாம்.
"கழற்றாதே" என்று சொல்லிவிட்டுச்
சாவியையும் சேர்த்தே கொடுத்தார்.

சத்தமிருந்தால் மான் ஒதுங்குமாமே, என்றேன்.
"சில மான் ஒதுங்கும்.
சிலது உன் மேலேயே ஒதுங்கும்."

ஒவ்வொன்றாய் மாட்டி முறுக்கிக் காட்டினார்.
கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்,
இவாபுச்சி அம்மாளின் தலையணையில்
என் காதை வைத்து.
எங்கள் பேச்சில்
கழுத்தில் சுற்றும் கம்பளிக்கும் இதற்கும்
ஒரே பெயர்: மஃப்ளர்.
எஃகையே சுற்றச் சொன்னேன்.

பால் பொங்குமுன் ஒரு சத்தம் வருமே,
அவ்வளவுதான்.
மறுநாள் வாசலிலேயே ஸ்டார்ட் செய்தேன்.
தெரு புரண்டுகூடப் படுக்கவில்லை.
எதிர்ச் சமையலறை இருட்டு.
என் தோளை நானே தட்டிக்கொண்டேன்.
வழியில் நடுச்சாலையில் ஒரு மான்,
பத்தடியில் நான் நின்ற பிறகும்
மென்றுகொண்டிருந்தது.
ஹாரன் அடித்தேன்.
நாகரிகம் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

ஐந்தரைக்குத் துறைமுகத்தில் கூச்சல்.
சாப்பாட்டுப் பொட்டலம் வரவில்லை.
இவாபுச்சி அம்மாளின் பொட்டலம்;
பதினோரு வருஷத்தில் ஒருநாள் தவறியதில்லை.
மூன்று படகுகள்
சோறில்லாமல் கடலுக்குப் போயின.
நான் நண்டு எடையைத் தப்பாக எழுதி
அடித்து எழுதினேன்.

சாயங்காலம் ஏப்ரனோடு வந்து நின்றாள்.
"வண்டி கெட்டுப்போச்சா?"
சரி செய்துவிட்டேன் என்றேன்.
"அடடா" என்றாள், உண்மையான வருத்தத்தோடு.
"வீட்டில் இரண்டு கடிகாரம் இருக்கிறது.
தூக்கத்திலேயே கை போய் அமுக்கிவிடும்.
உன் வண்டியை அமுக்க முடியாது, பார்."

மூன்று மாதம் தள்ளினேனே,
என் முதுகு!

என்ன விலை என்று கேட்டாள்.
சொன்னேன்.
"அந்தக் காசுக்கு எத்தனை கடிகாரம்" என்று
கணக்குப் போட்டபடியே தெருவைக் கடந்தாள்.

ஆறாம் நம்பர் சாவி டேங்க் பையில் கிடக்கிறது.
தொடவில்லை.
கிளம்புமுன் அவள் ஜன்னலை
கையுறையால் இரண்டு தட்டு.
சில நாள் மூன்று.
பின்பெட்டியில் ஒரு பொட்டலம் இருக்கும்,
ஊறுகாய் கொஞ்சம் கூடுதலாக.

ஞாயிறு ஏலமில்லை, படகுமில்லை.
வண்டி உறைக்குள்.
விழித்துக் கிடக்கிறேன்.
நாலரைக்கு
எதிரே விளக்கெரிகிறது.