பீன்யாவில் ஜனவரி ஒன்று

பீன்யா இரண்டாம் ஸ்டேஜில்
மின்சாரம் போய்வரும் ஒவ்வொரு முறையும்
எங்கள் வயர்கட் மெஷினின் கம்ப்யூட்டருக்கு
வருஷம் 2002 ஆகிவிடும்.
ஜனவரி ஒன்று. நள்ளிரவு பன்னிரண்டு.
உள்ளே ஒரு பொத்தான் பேட்டரி செத்துக் கிடக்கிறது.
மாற்றச் சொன்னால் முதலாளி சன்னபசப்பா கேட்பார்:
"கட்டிங் சரியா வருதில்ல? தேதி எதுக்கப்பா?"

கட்டிங் சரியாகத்தான் வருகிறது.
கால் மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி
தண்ணீருக்குள் பொறி விட்டபடி
இரும்புக்குள் அவசரமில்லாமல் நகர்கிறது.
அதை ஓட்டும் சாஃப்ட்வேருக்கு இந்தப் பழைய விண்டோஸ்தான் வேண்டும்.
ஒருமுறை புதிது போட்டுப் பார்த்தார்கள்.
கம்பி ஜாப்பை விட்டுவிட்டு மேஜையை அறுத்தது.

ரிஸ்வான் ரீல்ஸ் பார்த்து ஒரு டை பாழானபிறகு
எல்லார் போனும் கேட்டில்,
வாட்ச்மேனின் பிஸ்கட் டப்பாவுக்குள்
ராத்திரி முழுக்க அதிர்ந்துகொண்டிருக்கும்.
எனக்கு மிச்சம்
டிராயிங் இறக்க இழுத்த நீல ஒயர் ஒன்று,
திரையில் ஒரு பச்சைக் குன்று, மேலே மேகம்.
இத்தனை வருஷத்தில் ஓர் ஆடுகூட ஏறாத குன்று.

தேடுவது என் பி.எஃப். பணம்.
மூடிப்போன கம்பெனி, ஏழு வருஷப் பிடித்தம்.
அவர்கள் ஏட்டில் நான் குழந்தைசாமி,
ஆதாரில் குலந்தைசாமி.
இங்கிலீஷில் ழ-வுக்கு வழியில்லாமல்
இரண்டு ஆளாகிப் போனவன்.
லக்கெரே வீட்டுக்காரருக்கு
இருபதாம் தேதிக்குள் அட்வான்ஸ் தரவேண்டும்.

தளம் திறக்கவில்லை.
இதன் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை, என்றது.
இன்னும்.
யோசித்தால் நியாயம்தான்.
2002-இல் நான் பாலக்கோட்டில் எட்டாவது, கணக்கில் பெயில்.
எந்தக் கம்பெனியும் எனக்கு ஒரு பைசா தரவேண்டியதில்லை.

அம்புக்குறியை இருபத்துமூன்று தடவை அழுத்தி
வருஷங்களைத் தாண்டினேன்.
2009-இல் கொஞ்சம் நின்றேன்,
அது என் சொந்த விஷயம்.

இப்போது வேறு வாசகம்:
பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்த முடியவில்லை.
ரிஸ்வான் எட்டிப் பார்த்துச் சொன்னான்:
"அந்தப் பக்கம் கைகுலுக்குற முறையே மாறிப்போச்சு.
இது இன்னும் கும்பிட்டுட்டு நிக்குது."

அவன் பென்டிரைவில் ஒரு பிரவுசர் இருந்தது,
இந்தக் கிழட்டு விண்டோஸுக்கென்றே
முகம் தெரியாத எவனோ ஒரு புண்ணியவான்
இன்னும் தட்டிக்கொட்டி வைத்திருப்பது.
பக்கம் வந்தது.
வந்த கோலம்:
வண்ணமெல்லாம் உதிர்ந்து,
மெனுவுக்குள் மடித்து வைத்ததெல்லாம் வெளியே வந்து
ரேஷன் க்யூ மாதிரி இடது ஓரமாய்
முகப்பு எங்களைப் பற்றி முகப்பு
குறைகள் குறைகள் குறைகள்
இறங்கி இறங்கி இறங்கி
அடியில் என் எண் கேட்கும் பெட்டி.
கூடவே, நீங்கள் மனிதர்தான் என்று உறுதிசெய்ய
படத்தில் தெரியும் எழுத்துகளை எழுதுக.

படம் வரவில்லை.
அந்த இடத்தில் ஒரு குட்டிச் சிவப்புப் பெருக்கல் குறி.

அதையே போட்டுப் பார்த்தேன். ஏற்கவில்லை.
ரிஸ்வான் சிரித்துக்கொண்டே
தன் பேரைப் போடச் சொன்னான்.
அதுவும் மனிதன் இல்லையாம்.
அப்புறம் அவன் டீ போடப் போய்விட்டான்.

இரண்டேகாலுக்கு மின்சாரம் கண் சிமிட்டியது.
கம்பி அறுந்தது. தொட்டித் தண்ணீர் அடங்கியது.
தும்கூர் ரோட்டில் ஒரு லாரி
ரிவர்ஸ் எடுக்கும் பாட்டு மட்டும்.
பிறகு விளக்கு, குன்று, மேகம்,
ஜனவரி ஒன்று, 2002.
"ஹேப்பி நியூ இயர்ணா,"
இருட்டில் சிந்தாமல் கொண்டுவந்த டம்ளரை நீட்டினான்.
இந்த வாரத்தில் நாலாவது.

கம்பி நுனியை நெருப்பில் காட்டி நேராக்கி
துளையில் கோத்தேன்.
மெஷின் என் பெயர் கேட்கவில்லை.
எழுபத்தொன்று புள்ளி மூன்று இரண்டு எட்டு,
அறுந்த இடம் அதற்குத் தெரிந்திருந்தது.
அங்கிருந்து பொறி விடத் தொடங்கியது.
டை காலைக்குள் முடிந்துவிடும்.
பணத்தைத்தான்
பிஸ்கட் டப்பா திறந்தபிறகு,
சார்ஜ் இருந்தால், பார்க்கவேண்டும்.