பவுசர் வராத வெள்ளி

பூநகரியார் உப்புக்குக் கடைக்குப் போவதில்லை,
கிணற்றைக் காய்ச்சினால் போதும் என்று
வெளியூரார் பகிடி விடுவார்கள்.
பாதி உண்மை.
எங்கள் கிணற்றில் முகம் கழுவினால்
இமை மயிர் விறைத்து நிற்கும்.

இந்த ஊரில்தான்
கனகேந்திரம் முதலாளி ஒரு குதிரையைக் கொண்டுவந்து இறக்கினார்,
நுவரெலியாவில் வாங்கி, மீன் லொறியில் ஏற்றி.
கிளிநொச்சி மண்டபத்தில் மாப்பிள்ளைமார் ஏறுவதற்கு.
கட்ட இடம் இங்கே. பார்க்க ஆள் நான்.
ஆனையிறவு உப்பளத்தில் ஆறு வருஷம் வாரினவள்,
உனக்குத் தெரியாத உப்போ என்றார்.

எனக்குத் தெரிந்தது
கால் வெடிப்புக்குள் உப்பு என்ன செய்யும் என்பது.
குதிரைக்குள் என்ன செய்யும்?

பெயர் சுது. சிங்களத்தில் வெள்ளை.
வெள்ளையா என்று கூப்பிட்டால் காது அசையாது.
வத்துர என்றால் கழுத்தே திரும்பும்.
எனக்கும் அந்தச் சொல்
முகாமில், பவுசர் வரிசையில், வெறும் வாளியோடு கிடைத்தது.
இரண்டு பேரும் அதற்கு மேல் படிக்கவில்லை.

பரந்தன் கடைக்காரன் ஒரு பை தந்தான்,
பசுப் படம் போட்டது.
"தாதுக் கலவை அக்கா, அள்ளிப் போடுங்கோ, மினுங்கும்."
பையைப் படம் பிடித்து
டொக்டர் நஸ்லியாவுக்கு அனுப்பினேன்.
மணியடித்தது உடனே.
"போட்டிட்டியளோ?"
இல்லை.
"போடாதேங்கோ. மாட்டுக்குச் சதை பிடிக்க
ஒரு மருந்து சேர்த்திருக்கு இதில.
குதிரைக்கு நெஞ்சு நிண்டுபோம்."

பிறகு மெதுவாகச் சொன்னா:
வெறும் உப்பு போதும்.
மேசைக்கரண்டி ஒன்று, வியர்த்த நாளில் இரண்டு.
தவிட்டுக்குள் ஒளிக்க வேண்டாம்.
தனிச் சட்டியில் வையுங்கோ, வேணுமெண்டால் நக்கும்.
பக்கத்தில் நல்ல தண்ணி.
நல்ல தண்ணி இல்லாத அன்றைக்கு
உப்பும் இல்லை.

உப்பைத் தின்றவன் தண்ணி குடிப்பான் என்று
யாரையாவது சபிக்கத்தான் கேட்டிருக்கிறேன்.
அன்றைக்கு அது மருந்துச் சீட்டாய் இருந்தது.

ஆவணியில் ஒரு வெள்ளி, இரண்டு முகூர்த்தம்.
பாண்ட் அடித்து, சீன வெடி கொளுத்தி
தார் ரோட்டில் மூன்று மணித்தியாலம் நடத்தியிருக்கிறார்கள்.
மத்தியானம் வந்து இறங்கியபோது
சேணத்துக்குக் கீழே நுரை.
வயிற்றில் காய்ந்த வியர்வை
பாத்தி வரம்புபோலக் கோடு கோடாய் வெளுத்திருந்தது.
உப்பு விளைந்த இடத்தை எனக்குத் தெரியாமல் போகுமா.

பவுசர் வரவில்லை. கியர் உடைந்து பரந்தனில் நிற்கிறதாம்.
தாங்கியில் இரண்டு வாளி மிச்சம், இரண்டையும் வைத்தேன்.
உறிஞ்சிவிட்டு வாளியை மூக்கால் உருட்டியது.
கிணற்றுச் சவர்த் தண்ணியால் உடம்பை மட்டும் நனைத்தேன்.
அதற்கும் வாயை நீட்டியது,
இழுத்துக்கொண்டேன்.
அந்தக் கண்ணைப் பார்க்கவில்லை.

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.
"களைச்சுப் போச்சு. ஒரு பிடி உப்பை
வாயில திணிச்சு விடு."
உப்புச் சட்டி கூரைக் கிடுகில், நான் ஒளித்த இடத்தில் இருந்தது.
"உப்பு முடிஞ்சுது முதலாளி."
பூநகரியில் நின்றுகொண்டு சொன்ன பொய்.
அவர் கடற்கரைப் பக்கம் ஒருக்கால் பார்த்தார்,
என்னை ஒருக்கால் பார்த்தார்,
மோட்டார்சைக்கிளை உதைத்தார்.

இரவு ஒன்பதரைக்கு வெளிச்சம் வளைவில் திரும்பியது.
நான் சொல்வதற்கு முன்னமே காது எழும்பிவிட்டது.
வாளி வைத்தேன்.
தொண்டைக்குள் உருண்டைகள் ஏறி இறங்க
நாற்பது வரை எண்ணி விட்டுவிட்டேன்.

பிறகுதான் சட்டியை இறக்கினேன்.
மணந்தது. வேண்டாம் என்றது.
திரும்பி
என் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும்
சொரசொரவென்று ஒரே இழுவையாய் நக்கியது.

நாளைக்கு டொக்டரிடம் கேட்க வேண்டும்
இதையும் கரண்டிக் கணக்கில் சேர்க்கிறதோ என்று.