புள்ளிக்குப் பின்னால்

விண்ணப்பத்தின் நாற்பத்திரண்டாம் கேள்வி:
கேட்கப்படும் பெயர் ஓர் இடத்தைக் குறிக்கிறதா?
ஆம் எனில், எல்லைகள்.

கிளிநொச்சியில் கைபேசிக் கடைக்கு மேல்மாடி.
மூன்றாம் இலக்கத்தில் மட்டும் சுற்றும் விசிறி.
எழுதுகிறேன்: வடக்கே ஆனையிறவு.
அடித்துவிட்டு, பரந்தன்.
தேர்தல் வரைபடத்தை விரித்தால்
வன்னி என்று தீட்டிய நிறத்துக்குள்
கிளிநொச்சி இல்லை.
நாங்கள் யாழ்ப்பாணத்தின் நிறத்தில் கிடக்கிறோம்.
வன்னிக்கு விண்ணப்பம் எழுதும் சட்டத்தரணி
வன்னிக்கு வெளியே.

எமில்தாஸ் மிசிசாகாவிலிருந்து திரையில் வருவான்,
யன்னலுக்குப் பின்னால் பனி.
"அக்கா, டொட் வன்னி.
இன்னும் ஒருத்தரும் கேக்கேல்லை."
ஒருத்தரும் கேட்காத நிலம் இங்கே எங்கே என்று
நான் கேட்கவில்லை.
கட்டணம் இரண்டு லட்சத்துச் சொச்சம் டொலர்,
மறுத்தால் பெரும்பகுதி திரும்பாது.
மூன்றாம் வருடம் பத்தாயிரம் பெயர்கள் விற்கும்
என்றது அவனுடைய அட்டவணை.

சனிக்கிழமை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு
பரந்தனிலிருந்து முறிகண்டி வரை
பெயர்ப்பலகைகளை எண்ணினேன்.
இருநூற்றுப் பதினெட்டு.
பதினொன்று வன்னியில் தொடங்கின:
ஹார்ட்வெயார், சாரதிப் பயிற்சி, கூல்பார்,
பூட்டிக் கிடந்த ஒரு ஸ்ரூடியோ.

அரிசி ஆலை நாகமணியரிடம்
பதிவுசெய்த வர்த்தகக் குறி இருக்கிறது.
குறி உள்ளோருக்கு முதல் முப்பது நாள்,
பிறகு முந்தியவனுக்கு என்று விளக்கினேன்.
"நான் வாங்காட்டி?"
"வேற ஆரும் எடுக்கலாம்."
"அப்ப எனக்குத் தேவையில்லாத ஒண்டை
மற்றவன் எடுக்காமல் இருக்க
வருசா வருசம் நான் கட்டோணும்."
"ஓம்."
கைத் தவிட்டைத் தட்டினார்.
"பிள்ளை, அதுக்கு எங்களிட்ட ஒரு சொல் இருக்கு."
சொல்லைச் சொல்லவில்லை. தேத்தண்ணி வந்தது.

கீழ்க்கடைத் துஷ்யந்தினி
ஒரு தமிழ் முகவரியை வங்கிப் படிவத்தில் இட்டுப் பார்த்தாள்.
சிவப்பில் எழுந்தது: செல்லுபடியற்றது.
மறுபடி இட்டாள். மறுபடி சிவப்பு.
"எழுத்துப் பலகையை மாத்திறதுக்குள்ள
சனம் போயிடும் அக்கா" என்றாள்,
ஒரு கீறல் விழுந்த திரையைக் கழற்றியபடி.

ஆட்சேபனைகளுக்கு ஒரு தனிக் கோப்பு வைத்திருக்கிறேன்.
வன்னி ஒரு மரம்.
வன்னி நெருப்பு.
கடலுக்கு அப்பால் ஒரு சாதி
அது தன் பெயரின் பாதி எனலாம்.
வண்ணி என்று எவராவது கேட்டால்
சராசரி வாசகர் குழம்புவாரா என
மூவர் கொண்ட குழு தீர்மானிக்கும்.
அந்தச் சராசரி வாசகரை
எங்கே பிடித்துக் கேட்பார்கள் என்று
ஒப்பந்தம் சொல்லவில்லை.

நூற்றுப் பதினேழாம் பக்கத்தில்
கொம்பனி அழிந்தாலும்
பெயர்கள் மூன்று வருடம் உயிரோடிருக்கப்
பணம் கட்டி வைக்கவேண்டும் என்றிருந்தது.
பதிவேட்டின் பிரதி ஒன்று
ஒவ்வொரு நாளும் வேறொரு நாட்டுக்குப் போகவேண்டும்.
எமில்தாஸ் ஏன் என்று கேட்டான்.
அவன் போகும்போது வயது நாலு.
மற்ற எல்லா வாசகத்தையும் இரண்டு தரம் படித்தவள்
இதை ஒரு தரம்தான் படித்தேன்.

இடப்பெயருக்கு அரசின் கடிதம் வேண்டும்:
எமக்கு ஆட்சேபனை இல்லை.
அந்த மூன்று சொல்லுக்காகச் செவ்வாய்க்கிழமை
பிரதேச செயலகத்தில் நின்றேன்.
காணிப் பிரிவுக்குத்தான் அனுப்பினார்கள்.
"காணி இலக்கம்?"
இல்லை.
"விஸ்தீரணம்?"
புள்ளிக்குப் பின்னால் நாலு எழுத்து என்று
சொல்ல வாயெடுத்து, மூன்றோ என்று
விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன்.
எழுதுவினைஞர் காத்திருக்கவில்லை.
புதுக் கோப்பொன்றின் முகப்பில்
பெரிதாக எழுதினார்:
வண்ணி.

திருத்தச் சொல்லலாம்.
எனக்குப் பின்னால் இருபது பேர் நின்றார்கள்,
சொப்பிங் பைகளில் பெர்மிற்றுகளோடு.