நான்கு ஆண்டும் ஒரு நாளும்

நூலகத்தில் மடக்கு நாற்காலிகள்.
சாமர்வில் பள்ளி வாரியத்தின் ஏப்ரல் கூட்டம்.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
மைக்கின் அருகே குட்டி சிக்னல் ஒன்று:
பச்சை, மஞ்சள், சிவப்பு.
பெயரையும் தெருவையும் சொல்லிவிட்டுத்தான்
கோபப்பட வேண்டும்.

கார்மேகம் எழுந்தார்.
பேசியது ஆங்கிலம்; கோபம் அருப்புக்கோட்டை.
"பதினெட்டு வருஷம் ஒரே கம்பெனி.
போன மார்ச்சில் ஒன்பது நிமிட வீடியோ அழைப்பு.
மதியத்துக்குள் லேப்டாப்பைத் திருப்பிக் கேட்டார்கள்.
எனக்கு யார் கொடுத்தார்கள் நிரந்தரம்?
என் வீட்டு வரியில்
மிஸ்டர் ஹான்லனுக்கு மட்டும் எதற்கு?"

ஹான்லன் எனக்கு அடுத்த அறை.
அவர் சுவரில் தொங்கும் தனிம அட்டவணை
நூற்றொன்பதோடு நின்றுவிட்டது.
அதன் பிறகு ஒன்பது தனிமங்கள்
பிறந்து, பேர் வைத்து, பரீட்சைக்கும் வந்தாயிற்று.
வெள்ளிதோறும் வீடியோ.
விளக்கணைத்த வகுப்பில்
முதலில் தூங்குவது அவர்தான்.
கார்மேகம் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.
சிவப்புச் சட்டை போட்ட சங்கத்து வரிசையில்
நான் கைதட்டிவிடாமலிருக்கக்
கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

ஆனால் பிப்ரவரியில்
துணை முதல்வர் என் அறைக்கு வந்தார்.
எதிர் அறை டெல்வெக்கியோ அம்மாவிடமும் போனார்.
ஒரே பையன். மல்யுத்தக்காரன்.
வாரியத்தில் ஒருவருக்குத் தங்கை மகன்.
ஆங்கிலத்தில் தோல்வி, வேதியியலில் தோல்வி,
தோற்றால் கோதாவில் இறங்க முடியாது.

மிரட்டவெல்லாம் இல்லை.
"எதற்கும் இன்னொரு தரம் பார்த்துவிடுங்களேன்."
கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

டெல்வெக்கியோவுக்கு இருபத்தாறு வருடம்.
"பார்த்தாயிற்று" என்று சொல்லி
மூக்குக் கண்ணாடியைத் துடைத்தாராம். அதோடு சரி.

எனக்கு மூன்று வருடம், ஐந்து மாதம்.
மே பதினைந்துக்குள் கடிதம் வரும்,
தொடரலாம் என்றோ, வேண்டாம் என்றோ.

ஐம்பத்தெட்டு இருந்தது.
ஆய்வக ஏட்டுக்கு இரண்டு,
பாதி சமன்செய்த சமன்பாட்டுக்கு மூன்று,
வரைபடத்துக்கு ஒன்று,
முயன்றதற்கு ஒன்று.
அறுபத்தைந்து.
ஏழு மதிப்பெண்ணை
எங்கிருந்தெல்லாம் பொறுக்கலாம் என்பது
அன்றைக்குத்தான் தெரிந்தது.

அம்மா ஞாயிறுதோறும் கேட்பாள்:
"பெர்மனென்ட் ஆயிடுச்சாடி?
கோழி மேய்ச்சாலும் கவர்மென்ட்டுல மேய்க்கணும்."
நான்கு ஆண்டும் ஒரு நாளும் என்கிறது
இந்த மாநிலத்துச் சட்டம்.

டைட்ரேஷன் போல என்று நினைத்துக்கொள்வேன்.
சொட்டுச் சொட்டாக விழுந்தும்
குடுவை ஒன்றும் சொல்லாமல் நிற்கும்.
அடுத்த துளியில் இளஞ்சிவப்பு.
பிள்ளைகளிடம் சொல்வேன்:
நிறம் மாற்றும் துளி
மற்றத் துளிகளைவிடப் பெரியதில்லை.
ஹான்லனும் ஒருகாலத்தில்
அந்தத் துளிக்குக் காத்திருந்திருப்பார்.
டெல்வெக்கியோவும்.

என் பெயரை மூன்றாக உடைத்துக் கூப்பிட்டார்கள்.
பெயர் சொன்னேன், தெரு சொன்னேன்.
நல்ல ஆசிரியருக்குப் பாதுகாப்பு ஏன் வேண்டுமென்று
பொதுவாகப் பேசினேன்.
பொதுவாகப் பேசுவது எவ்வளவு வசதி!
ஏழைப் பற்றிச் சொல்லவில்லை.
அந்தத் தங்கை மகனின் மாமா
தலையசைத்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.
சிவப்புக்கு இருபது நொடி இருக்கும்போதே
நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

வாகன நிறுத்தத்தில் மழை பிசுபிசுத்தது.
கார்மேகம் வந்தார்.
"ஒத்துக்கமாட்டேன். ஆனா நல்லாப் பேசினீங்க, டீச்சர்.
உங்களுக்கு எப்ப?"

"செப்டம்பர்ல. நாலு வருஷமும் ஒரு நாளும்."

குடையை மடக்கிக்கொண்டே சிரித்தார்.
"நாலு வருஷம் சரி.
அந்த ஒரு நாள் எதுக்கு?"

சட்டம் அப்படி என்றேன்.
சாவியைத் தேடுவது போல
பைக்குள் கையை விட்டேன்.
சாவி கையில்தான் இருந்தது.